பாத்ரூம் கசிவு: டைல்ஸை உடைக்கும் முன் படியுங்கள்

எல்லோருக்கும் வணக்கம். மேல்வீட்டு பாத்ரூம் தண்ணீர் எங்கள் சீலிங்கில் இறங்கி, பெயின்ட் உள்ளங்கை அளவுக்கு உரிந்து தொங்குகிறது. கொத்தனார் வந்து பார்த்ததுமே டைல்ஸை உடைத்துவிடலாம் என்றார். அவசரப்படாதீர்கள்.

யாரும் குளிக்காத நேரத்திலும் விடாமல் சொட்டினால் பெரும்பாலும் குழாயில்தான் கோளாறு, தரையை எத்தனை முறை பூசினாலும் நிற்காது. குளித்த பிறகு மட்டும் சொட்டினால், வடிகால் வாயைத் துணியால் அடைத்து, ஒரு அங்குலம் தண்ணீர் கட்டி 24 மணி நேரம் விட்டுப் பாருங்கள். கீழே ஈரம் கூடினால் டைல்ஸ் இணைப்பு, வடிகால் ஓரம் இரண்டையும் சந்தேகப்படலாம். அப்போது பழைய சிமென்டைச் சுரண்டிவிட்டு எபாக்ஸி (தண்ணீர் புகாத பிசின் கலவை) அடைத்தாலே பல வீடுகளில் போதும், ஆனால் இணைப்பு நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும், ஈரத்தில் அடைத்தால் பிடிக்காது.

அதன் பிறகும் கசிந்தாலோ டைல்ஸைத் தட்டும்போது பொள்ளலாகக் கேட்டாலோ, சரி, உடைக்கத்தான் வேண்டும். அப்படி உடைத்தால் தரையில் போடும் நீர்க்கசிவுத் தடுப்புப் பூச்சைச் சுவரிலும் ஒரு அடி ஏற்றச் சொல்லுங்கள், டைல்ஸ் ஒட்டும் முன் மறுபடி தண்ணீர் கட்டிப் பாருங்கள். இதை மட்டும் விட்டுவிடாதீர்கள்!

அக்டோபரில் மழை பிடிக்கும் முன் முடிக்கணும். கசிவு உள்ளவர்கள் இன்றே இங்கே சொல்லுங்கள், ஞாயிறு சேர்ந்தே பார்த்துவிடலாம்.