அப்பாவின் ஓப்பினெல்

ஷாம்பேரி, பிரான்ஸ்,
ஜனவரி 14

அன்புள்ள அண்ணனுக்கு,

உங்கள் கடிதம் போன வியாழக்கிழமை வந்தது. தீபாவளிக்குப் பிறகு என்னிடமிருந்து ஒரு வரிகூட வரவில்லை என்று அம்மா வாசலையே பார்த்துக்கொண்டிருப்பதாக எழுதியிருந்தீர்கள். மன்னித்துக்கொள்ளுங்கள். நான் நன்றாக இருக்கிறேன். குளிர் மைனஸ் ஆறு. ஹீட்டரைக் குறைத்துவைத்து இரண்டு கம்பளி போர்த்திக்கொள்கிறேன், அதில்தான் நல்ல தூக்கம் வருகிறது.

அப்பாவின் ஓப்பினெல் மடக்குக்கத்தி துருவேறித் திறக்கவே வரவில்லை, பட்டறையில் கொடுத்துச் சாணை பிடிக்கட்டுமா என்று கேட்டிருந்தீர்கள். தயவுசெய்து கொடுக்காதீர்கள். மோட்டார் சாணையில் அந்த மெல்லிய அலகு சூடேறினால் எஃகின் பதம் இறங்கிவிடும், பிறகு எவ்வளவு தீட்டினாலும் கூர் நிற்காது. வீட்டிலேயே ஒரு சாயங்காலத்தில் முடிகிற வேலைதான்.

முதலில் திறக்க வேண்டும். அந்தப் பிடி பீச் மரம், ஈரத்தில் ஊதி அலகைக் கவ்வியிருக்கும். குறடு போட்டு இழுக்காதீர்கள். பிடியின் கழுத்தில் அலகைப் பூட்டுகிற வளையம் இருக்கிறதே, அதிலுள்ள பிளவு அலகுக்கு நேராக வரும்படி திருப்பிவிட்டு, பிடியின் வால்முனையை மேசை விளிம்பில் இரண்டு தட்டுத் தட்டுங்கள். அலகு கொஞ்சம் எம்பும். இந்தப் பக்கத்துச் சவ்வா மலைக்காரர்கள் காலங்காலமாகச் செய்வது இதுதான். அப்படியும் வராவிட்டால் இரண்டு நாள் ஃபேன் காற்றில் வையுங்கள். வெயிலில் வைத்தால் மரம் வெடித்துவிடும்.

திறந்ததும் வளையத்தைத் திருப்பிப் பூட்டிக்கொள்ளுங்கள். அலகை நன்றாகப் பாருங்கள். செம்மண் நிறத்தில் பொடிப்பொடியாக வருவதுதான் துரு. சாம்பல், கருநீல நிறத்தில் வழவழப்பாக இருப்பது மாங்காயும் எலுமிச்சையும் பட்டுப்பட்டு ஏறிய கருமை. அது அலகுக்குக் காவல், அதைத் தேய்த்து எடுக்க வேண்டாம்.

தேங்காய் எண்ணெயைத் தடவி ஒரு மணி நேரம் விடுங்கள். பிறகு மூன்று கரண்டி ஆப்பச்சோடாவை ஒரு கரண்டி தண்ணீரில் குழைத்துப் பூசி, பழைய பல்துலக்கும் பிரஷ்ஷால், முதுகிலிருந்து கூர்ப்பக்கமாகத் தேயுங்கள். மேலோட்டமான துரு இதிலேயே போய்விடும். போகாத இடத்துக்கு மட்டும் வினிகர். கத்தியை அதில் முக்கிவைக்கக் கூடாது, மூட்டுக்குள் போனால் உள்ளேயிருந்து அரிக்கும், மரமும் மறுபடி ஊதும். துணியை வினிகரில் நனைத்து அலகில் மட்டும் சுற்றி, கால் மணி நேரத்தில் எடுத்துவிடுங்கள். அதற்குமேல் விட்டால் அமிலம் நல்ல எஃகையும் தின்னும். எடுத்த உடனே சோடாத் தண்ணீரால் துடைத்து, சுத்தத் தண்ணீரால் துடைத்து, உலர்ந்த துணியால் அழுத்தி ஈரத்தை எடுங்கள். ஐந்து நிமிடம் அசந்தாலும் மஞ்சள் பூத்துவிடும். சாம்பலும் செங்கல் பொடியும் அண்ணி பாத்திரத்துக்கு வைத்துக்கொள்ளட்டும், கத்திக்கு வேண்டாம். கீறல் விழுந்த இடமெல்லாம் ஈரம் தங்கும்.

மிச்சமிருந்தால் 800 நம்பர் வாட்டர் பேப்பரை, அதாவது நைசான உப்புத்தாளை, தக்கைத் துண்டில் சுற்றி, எண்ணெய் விட்டு, ஒரே திசையில் இழுங்கள். துரு அரித்த குழிகள் அப்படியே இருக்கட்டும். அதைச் சமப்படுத்தப் போனால் அலகே தேய்ந்துவிடும்.

பிடியின் பள்ளத்தைப் பல்குத்தும் குச்சியில் துணி சுற்றித் துடையுங்கள். துரு ஆரம்பிப்பது அங்கேதான், ஈரத்தோடு மூடினால் காய வழியில்லை. மூட்டில் ஒரே ஒரு சொட்டு தையல் மிஷின் எண்ணெய் விட்டு இருபது தடவை திறந்து மூடுங்கள், கறுப்புக் கசடு வந்தால் துடையுங்கள். அலகுக்கு மருந்துக்கடை லிக்விட் பாரஃபின், விரலில் ஒட்டுகிற அளவு போதும். நல்லெண்ணெய் நாளாக நாளாகப் பிசினாகி மூட்டை ஒட்டவைத்துவிடும். மாசத்துக்கு ஒரு தடவை தடவினால் காரைக்கால் உப்புக்காற்றுக்கும் தாங்கும். தோல் உறையில் போடாதீர்கள், அது ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். மாத்திரை டப்பாவில் வரும் சிலிக்கா பொட்டலத்தோடு மூடிய டப்பாவில் வையுங்கள். சின்னவன் கைக்கு எட்டக் கூடாது. 2000ஆம் வருஷத்துக்கு முந்திய ஓப்பினெல் கத்தியில் மூடிய நிலையில் பூட்டு இல்லை.

கீழ்வீட்டுப் பெரியவரிடமும் அதே எட்டாம் நம்பர் அளவு ஓப்பினெல்தான், கார்பன் எஃகு. பாலாடைக்கட்டியை அறுப்பார், அலகை ரொட்டித் துண்டில் இருபுறமும் துடைப்பார், அந்த ரொட்டியையும் தின்பார், பிறகுதான் மூடுவார். அலகு சிலேட்டு மாதிரிக் கறுத்திருக்கிறது, செம்புள்ளி ஒன்றுகூட இல்லை.

அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மாங்கனித் திருவிழாதான். மாடியிலிருந்து எறிந்த பழத்தில் அடிபடாத பக்கமாகப் பார்த்து அப்பா அறுத்துக் கொடுப்பாரே, அண்ணா, அந்த வாசனை நான்கு வருஷமாக எனக்கு இல்லை. ஆனிக்கு வர லீவு கேட்டிருக்கிறேன். அம்மாவிடம் இப்போது சொல்ல வேண்டாம்.

தங்கச்சி நகையை மாசிக்குள் மீட்டுவிடலாம். இந்த மாதப் பணம் கொஞ்சம் தள்ளிப்போகும், அடுத்த மாதம் சேர்த்து அனுப்புகிறேன். தோப்புக் குத்தகையை மாமாவுக்கே விடுவதானால் எழுத்தில் போட்டுக்கொள்ளுங்கள், வாய்ப்பேச்சு வேண்டாம். கிணற்றடிச் சுவர் வேலையை மழை ஈரம் காய்ந்ததும் ஆரம்பியுங்கள். கொத்தனார் எவ்வளவு கேட்கிறார் என்று எழுதுங்கள்.

தங்கள் அன்புத் தம்பி