அந்தக் கட்டத்தைக் காலியாக விடு

அன்பு மகனுக்கு,

இயேசுவுக்கே புகழ். மாணவர்களுக்கு நீ நடத்தப்போகும் ஞான ஒடுக்கத்தின் (ரிட்ரீட்டின்) நிகழ்ச்சி நிரலை மூன்று முறை படித்தேன். முதல் முறை பெருமையாக இருந்தது. இரண்டாம் முறை மூச்சு வாங்கியது. மூன்றாம் முறை சிவப்புப் பேனாவைத் தேடி எடுத்துக்கொண்டேன். கோபித்துக்கொள்ளாதே, கருத்துக் கேட்டது நீதான்.

வெள்ளி மாலை 6 மணி முதல் ஞாயிறு மதியம் வரை நாற்பது மாணவர்கள். அதற்குள் ஒன்பது உரைகள், நான்கு குழு விவாதங்கள், அறிமுக விளையாட்டு, ஒரு நாடகம், இரவு முழுவதும் நற்கருணை ஆராதனை, அதாவது அர்ச்சித்த அப்பத்தின் முன் விழித்திருந்து செபிப்பது. அட்டவணையில் காலியாக இருப்பது ஒரே ஒரு கட்டம், சனிக்கிழமை மதியம் 2 முதல் 2.30 வரை. அதிலும் பென்சிலால் ‘பாடல் பயிற்சி?’ என்று எழுதி வைத்திருக்கிறாய். நான் சொல்வதில் வேறு எதைக் கேட்காவிட்டாலும் அந்தப் பென்சில் எழுத்தை மட்டும் அழித்துவிடு.

நீங்கள் ரிட்ரீட் என்கிறீர்கள், தியானம் என்கிறீர்கள். எங்கள் வீட்டுப் பெரியவர்கள் ஞான ஒடுக்கம் என்றார்கள். ஆமை ஐந்தையும் உள்ளே இழுத்துக்கொள்கிறதே, அந்த ஒடுக்கம். உன் அட்டவணைப்படி முக்கால் மணி நேரத்துக்கு ஒரு முறை அந்த ஆமையின் ஓட்டைத் தட்டி, ‘வெளியே வா, அடுத்த உரை தொடங்கிவிட்டது’ என்கிறோம்.

இதை நானும் செய்திருக்கிறேன். உன்னைவிடச் சற்றே மூத்தவளாக இருந்தபோது ஒரு மாணவர் தியானத்துக்கு நான்தான் பொறுப்பு. எல்லாம் நிமிடக் கணக்கில் நடந்தது. கடைசி நாள் ஒரு பெண் வந்து, ‘அக்கா, எல்லாரும் செபத்தைப் பற்றி நன்றாகப் பேசினார்கள். எப்போது செபிக்க வேண்டும்?’ என்று கேட்டாள். கிண்டல் இல்லை, உண்மையாகவே நேரம் கேட்டாள். என்னிடம் சொல்ல நேரம் இருக்கவில்லை.

உரையைக் குறைத்தால் உரையாளர்கள் வருத்தப்படுவார்கள் என்று நீ தயங்கலாம். இயேசு சபையை நிறுவிய புனித இஞ்ஞாசியார் உன் பக்கம் இருக்கிறார். 1522-இல் ஸ்பெயினின் மன்ரேசா ஊரில் தங்கியிருந்தபோது குறிக்கத் தொடங்கி, 1548-இல் அச்சான அவருடைய ‘ஆன்மீகப் பயிற்சிகள்’ நூலின் தொடக்கக் குறிப்புகளைப் பார். பயிற்சி கொடுப்பவர் சுருக்கமாகச் சொல்லி நிறுத்திக்கொள்ள வேண்டும் என்கிறார். நிறைய அறிவது ஆன்மாவை நிறைவாக்காது, உள்ளே உணர்ந்து சுவைப்பதுதான் நிறைவாக்கும் என்பது அவர் சொல்லும் காரணம். நான்கு உரை போதும். ஒவ்வொன்றும் இருபது நிமிடம். அதன்பின் ஒரு மணி நேரம் யாரும் யாரையும் கூப்பிடக்கூடாது.

இஞ்ஞாசியாரை நான் இழுப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. அவரே வயது கடந்த மாணவர். முப்பதைத் தாண்டியபின் பார்சிலோனாவில் இலத்தீன் இலக்கணம் படிக்க உட்கார்ந்தார். மனப்பாடம் செய்ய வேண்டிய நேரம் பார்த்து அற்புதமான ஆன்மீகச் சிந்தனைகள் வந்து குவிந்தன. செபிக்கும்போதும் திருப்பலியிலும்கூட அவ்வளவு தெளிவாக வராதவை! இது சோதனைதான் என்று கண்டுகொண்டு, இனி வகுப்பைத் தவறவிட மாட்டேன் என்று ஆசிரியரிடம் வாக்குக் கொடுத்தார். உன் மாணவர்களில் சிலர் ஒப்படைக்க வேண்டிய கட்டுரைக்குப் பயந்து தியானத்துக்கு ஓடி வருவார்கள். அவர்களுக்கு இந்தக் கதையைச் சொல். தேதி குறிக்கும்போதும் தேர்வு அட்டவணையைப் பக்கத்தில் வைத்துக்கொள். படிப்பைக் கெடுத்து நடத்தும் தியானத்தை அவரே ஒப்புக்கொள்ள மாட்டார்.

ஞாயிறு காலை ‘அர்ப்பண வாக்குறுதிப் படிவம்’ என்று ஒன்று வைத்திருக்கிறாய். அதை எடுத்துவிடு என்று கெஞ்சியே கேட்கிறேன். 1529-இல் பாரிஸில் பீட்டர் ஃபேபரும் பிரான்சிஸ் சவேரியாரும் இஞ்ஞாசியாரோடு ஒரே அறையில் தங்கிப் படித்தார்கள். மூவரும் பிற்பாடு புனிதர்கள். ஆனால் அறைத்தோழர் கையில் கிடைத்தார் என்று அவர் உடனே பிடித்து உட்காரவைக்கவில்லை. ஃபேபரைத் தினமும் ஆத்தும சோதனை செய்யச் சொல்லி, அதாவது தன் மனதைத் தானே ஆராய்ந்து பார்க்கச் சொல்லி, ஏறக்குறைய நான்கு ஆண்டுகள் காத்திருந்து, 1534 தொடக்கத்தில்தான் ஆன்மீகப் பயிற்சி அளித்தார். சவேரியாரின் முறை அதற்கும் பிறகுதான் வந்தது. நீ இரண்டே நாளில் நாற்பது பேரிடமும் கையெழுத்து வாங்கப் பார்க்கிறாய். துறவறமோ திருமணமோ, எந்தப் பக்கமும் சாய்க்காமல் தராசின் முள்போல நடுவில் நில் என்றுதான் வழிநடத்துபவருக்கு அவர் சொன்னார். படைத்தவரும் படைக்கப்பட்டவரும் நேராகப் பேசிக்கொள்ளட்டும், இடையில் நமக்கு என்ன வேலை?

தூக்கத்துக்கு வருகிறேன். வெள்ளிக்கிழமை மாலை வந்து இறங்கும் பிள்ளைகள் ஒரு வாரத் தூக்கத்தைக் கடன் வைத்துக்கொண்டு வருவார்கள். ஒரு தியானத்தில், காலைச் செபத்தில் கடைசி வரிசையில் ஒரு பெண் தூங்கிக்கொண்டிருந்தாள். தோளைத் தட்டி எழுப்பினேன். திடுக்கிட்டு நிமிர்ந்தவளின் கன்னத்தில் செபப் புத்தகத்தின் விளிம்பு கோடாகப் பதிந்திருந்தது. மன்னிப்புக் கேட்கத் தொடங்கினாள், கேட்டுக்கொண்டே இருந்தாள். இன்றைக்கும் அந்தக் கோடு என் கண்ணில் நிற்கிறது. சூரைச் செடியின் அடியில் ‘போதும் ஆண்டவரே’ என்று சோர்ந்து படுத்த இறைவாக்கினர் எலியாவுக்கு வானதூதர் உரையாற்றவில்லை. தூங்கவிட்டார், எழுப்பிச் சாப்பிடச் சொன்னார், மறுபடியும் தூங்கவிட்டார். ஓரேபு மலையில் கடவுள் அவரைச் சந்தித்த அந்த மெல்லிய ஒலியெல்லாம் அதற்கு நாற்பது நாள் கழித்துத்தான். ஆகவே வெள்ளி இரவு வரவேற்பு, ஒரு சிறு செபம், படுக்கை. நாடகத்தை அடுத்த ஆண்டுக்குத் தள்ளிவை. அறிமுக விளையாட்டைப் பற்றி என் கருத்து உனக்குத் தெரியும்.

இரவு முழுவதும் ஆராதனை என்ற ஆசை அழகானது, ஆனால் கணக்குப் போட்டுப் பார்த்தாயா? ஆராதனைக்கு வைத்த நற்கருணையை ஆளில்லாமல் விடக்கூடாது. அரை மணிக்கு இரண்டு பேர் என்றால் இரவு 10 முதல் காலை 6 வரை முப்பத்திரண்டு பேர் வேண்டும். முதல் மூன்று மணி நேரத்துக்குப் பெயர்கள் முண்டியடித்து வரும். அதிகாலை 3 மணிக் கட்டத்தில் உன் பெயர் மட்டும் இருக்கும், மறுநாள் நீ நடமாடும் பிணமாக இருப்பாய். 9 முதல் 11 வரை வை. அந்த இரண்டு மணி நேரத்திலேயே ஒப்புரவு அருட்சாதனமும் (பாவசங்கீர்த்தனமும்) நடக்கட்டும்.

அதற்கு ஒரே ஒரு ஃபாதரைத்தான் அழைத்திருக்கிறாய். நாற்பது பேர், ஆளுக்குப் பத்து நிமிடம் என்றால் நானூறு நிமிடம். ஆறு மணி நாற்பது நிமிடம்! பாதிப் பேர்தான் வருவார்கள் என்று வைத்தாலும் மூன்று மணி நேரத்துக்கு மேல். மூன்று பேரையாவது அழை. அவர்களில் ஒருவராவது மாணவர்களுக்கு அறிமுகம் இல்லாதவராக இருக்க வேண்டும். ஒப்புரவில் கேட்டதை எந்தக் குருவும் வெளியே சொல்ல முடியாதுதான், ஆனாலும் வாரந்தோறும் பார்க்கும் முகத்திடம் சில பாவங்கள் வாய்க்கு வருவதில்லை. முகம் காட்டாமல் பேசத் தடுப்பு வைத்த இருக்கையும் ஒன்று இருக்கட்டும். மற்ற இருக்கைகளை எல்லார் கண்ணிலும் படும், ஆனால் காதுக்கு எட்டாத இடத்தில் போடு. ஆலோசனை கேட்டுத் தனியாகப் பேச வருபவர்களுக்கும் அதே விதி, மூடிய கதவுக்குப் பின்னால் எதுவும் வேண்டாம்.

சின்ன விஷயம் ஒன்று. சனிக்கிழமை 11.15-க்குத் தேநீர், 11.30-க்குத் திருப்பலி என்றிருக்கிறது. நற்கருணை வாங்குவதற்கு முன் ஒரு மணி நேரம் தண்ணீரும் மருந்தும் தவிர எதுவும் கூடாதே! தேநீரை முன்னே தள்ளு. யாராவது ஒரு பாட்டி வந்து சொல்வதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன்.

இனி எனக்கு எழுதக் கூச்சமாக இருக்கும் விஷயம். சனி இரவு ‘அனுபவப் பகிர்வு, அனைவரும் கட்டாயம்’ என்று போட்டிருக்கிறாய். நானும் ஒரு முறை வட்டமாக உட்காரவைத்து மெழுகுவர்த்தியைக் கை மாற்றினேன். மெழுகுவர்த்தி வந்து சேர்ந்தால் பேசியே ஆக வேண்டும். அப்பாவைப் பற்றி ஒரு பையன் பேசினான். பேச நினைத்து வந்தவன் அல்லன். அந்த வெளிச்சமும் அமைதியும் பேசவைத்தன. நாங்கள் எல்லாரும் அழுதோம், நல்ல தியானம் என்று நினைத்தோம். புதன்கிழமைக்குள் விடுதி முழுவதும் அவன் குடும்பக் கதை தெரிந்திருந்தது. அவன் பிறகு எந்தத் தியானத்துக்கும் வரவில்லை. பரப்பியவன் யாராக இருந்தாலும், மெழுகுவர்த்தியை அவன் கையில் கொடுத்தவள் நான்தான்.

‘கட்டாயம்’ என்ற சொல்லை அடித்துவிடு. பகிர்வு வேண்டுமானால் நற்செய்தியில் எம்மாவு ஊருக்குப் பேசிக்கொண்டே நடந்த அந்த இரு சீடரைப் போல, தாங்களே தேர்ந்துகொள்ளும் ஒரு துணையோடு அரை மணி நேரம் நடக்கட்டும். தனியாக நடக்க விரும்புகிறவர் தனியாக நடக்கட்டும். நீண்ட மௌனம் எல்லாருக்கும் மருந்து ஆகாது என்பதையும் மனதில் வை. மனச்சோர்வோடு போராடிக்கொண்டிருக்கும் பிள்ளைக்கு நான்கு மணி நேர அமைதி பாறாங்கல்லாகிவிடலாம். பதிவுப் படிவத்திலேயே அதற்கு ஒரு வரி ஒதுக்கு, அதை நீயும் ஃபாதரும் மட்டும் படியுங்கள். மனநல ஆலோசகர் ஒருவரின் எண்ணையும் கையில் வைத்துக்கொள்.

கைபேசியைப் பிடுங்காதே. கூடையை வாசலில் வை, போடுகிறவர்கள் போடட்டும். வீட்டில் யாராவது மருத்துவமனையில் இருக்கும் மாணவன் அதைச் சட்டைப்பையிலேயே வைத்திருக்கலாம் என்று முதலிலேயே சொல்லிவிடு, இல்லையென்றால் அவன் கழிவறையில் ஒளிந்துகொண்டு அழைப்பான்.

நண்பனோடு சேர்ந்து வரும் பிற சமயத்துப் பிள்ளைகள் இருப்பார்கள். நற்கருணை வரிசையில் அவர்கள் திகைத்து நிற்கும்படி விடாதே. திருப்பலிக்கு முன்பே, ஃபாதரிடம் கேட்டுக்கொண்டு, ‘நீங்கள் நெஞ்சில் கைகளைக் குறுக்காக வைத்து வந்தால் ஃபாதர் ஆசி தருவார்’ என்று அவர்களிடம் அன்பாகச் சொல்லிவிடு.

கடைசியாக ஒன்று. பங்கேற்பாளர் பட்டியலை மேலிருந்து கீழ்வரை பார்த்தேன், உன் பெயர் இல்லை. பொறுப்பாளர் பட்டியலில் மட்டும் ஐந்து இடத்தில் இருக்கிறது. மூன்று ஆண்டுகளாக நீ நடத்தும் தியானங்களில் ஒன்றிலாவது ஒரு மணி நேரம் சும்மா உட்கார்ந்தாயா என்று கேட்க எனக்கு உரிமை உண்டு. நான் உட்கார்ந்ததில்லை. சனிக்கிழமை 2 மணிக்கு, பொறுப்பாளனாக நீ சுமக்கும் சாவிக்கொத்தை யாரிடம் கொடுக்கப் போகிறாய்? பெயரைப் பதிலில் எழுது.

அன்புடன்,
அம்மா