பனிக்குகைக்கு அழைத்துப் போகிறவர்களுக்கு ஒரு மடல்

தருமபுரி, கிருஷ்ணகிரி, ஓசூரிலிருந்து ஐஸ்லாந்து சுற்றுலா நடத்தும் பயண ஏற்பாட்டாளர்களுக்கு,

வணக்கம். சென்ற டிசம்பரில் ஐஸ்லாந்தின் யோகுல்சார்லோன் என்ற பனியாற்று ஏரிப் பக்கம் எங்கள் குழு போனபோது, காலணி சரியில்லை என்று என் அம்மாவைப் பனிக்குகைக்கு அழைத்துப் போக மறுத்தது உங்கள் எல்லோர் காதுக்கும் வந்திருக்கும். எங்களை அழைத்துப் போன நிறுவனத்தின் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. நான் கேட்பது ஒன்றுதான். பனியாற்றில் நடக்க என்னென்ன வேண்டும், எப்போது நடை ரத்தாகும் என்பதை, முன்பணம் வாங்குவதற்கு முன்பே தமிழில் எழுதிக் கொடுங்கள்.

அம்மாவுக்கு 62 வயது. பென்னாகரம் பக்கத்துக் கரடுகளில் ஆடு மேய்த்து வளர்ந்தவர், நடைக்கு அஞ்சமாட்டார். வாட்னாயோகுல் என்ற பெரிய பனியாற்றின் நீலப் பனியைப் பார்க்க ஆசைப்பட்டதே அவர்தான். தலைநகர் ரெய்க்யவிக்கிலிருந்து ஐந்து மணி நேரம் வேனில் வந்து இறங்கினோம். உள்ளூர் வழிகாட்டி குனிந்து ஒவ்வொருவர் காலையும் பார்த்தார். அம்மா போட்டிருந்தது கேன்வாஸ் ஷூ. கணுக்காலை மூடும் கெட்டியான பூட்ஸ் இருந்தால்தான் பனியில் வழுக்காமல் இருக்கக் காலணிக்கு அடியில் மாட்டும் கிராம்பான் என்ற இரும்பு முள்ளை அதில் மாட்ட முடியும். வழிகாட்டி மன்னிப்புக் கேட்டபடியே அம்மாவை அழைத்துப் போக மறுத்துவிட்டார். பயண நிறுவனம் எங்களுக்குக் கொடுத்த பட்டியலில் 'நல்ல ஷூ' என்று மட்டும் இருந்தது. முன்கூட்டியே கால் அளவு சொல்லியிருந்தால் பூட்ஸ் அங்கேயே வாடகைக்குக் கிடைத்திருக்கும்.

நாங்கள் திரும்பும்வரை அம்மா வேனுக்குள்ளேயே இருந்தார். பேச ஆளில்லை, மதியம் மூன்றரைக்குள் சூரியன் மறைந்துவிடும் மாதம். "அட்ஜஸ்ட் பண்ணிக்குங்கம்மா" என்றார் டூர் மேனேஜர். நானும் இருந்துவிடுகிறேன் என்றேன். "நீயாவது பாத்துட்டு வந்து சொல்லு" என்று அம்மாதான் அனுப்பினார். மேலே குவிந்த பனியின் எடையில் காற்றுக் குமிழிகள் நசுங்கிப் போவதாலும், அந்த அடர்ந்த பனி சிவப்பு ஒளியை விழுங்கிவிடுவதாலும் இந்த நீலம் என்று குகைக்குள் விளக்கினார்கள். எனக்கு மனம் வேனிலேயே இருந்தது.

அந்த வழிகாட்டி செய்தது சரி. பனிக்குகையில் ஆபத்து உண்டு. 2024 ஆகஸ்டில் வாட்னாயோகுலின் ஒரு கிளையான பிரெய்தாமெர்குர்யோகுலில் பனி இடிந்து விழுந்து ஓர் அமெரிக்கப் பயணி இறந்தார். கோடையில் உருகிய நீர் பனிக்குள் அறுத்துக்கொண்டு ஓடிய வழிதான் இந்தக் குகை. குளிரில் நீர் குறைந்து பனி இறுகிய பிறகு, ஏறக்குறைய நவம்பர் முதல் மார்ச் வரைதான் இவற்றுக்குள் போவது வழக்கம். அப்போதும் மழை பெய்து குகைக்குள் நீர் ஏறினால் அன்றைய நடை இல்லை. போன ஆண்டு பார்த்த குகை இந்த ஆண்டு இல்லாமலே போகலாம். பணம் கட்டுகிறவருக்கு இதெல்லாம் ஊரிலேயே தெரிய வேண்டாமா? கோடைப் பயண விளம்பரத்திலும் அதே நீலக் குகைப் படத்தைத்தானே போடுகிறீர்கள்?

ஒகேனக்கலில் நீர்வரத்து கூடினால் மாவட்ட நிர்வாகம் பரிசலுக்குத் தடை போடுகிறது. எத்தனை ஆயிரம் கனஅடி என்பது காலைச் செய்தியிலேயே வந்துவிடும். தெரிந்துகொண்டு கிளம்புகிறோம், அல்லது வீட்டில் இருந்துவிடுகிறோம்.

ஐஸ்லாந்து மட்டும் இல்லை. லடாக்கில் உள்ள லே நகரம் 3,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே இறங்கிய மறுநாளே 5,000 மீட்டரைத் தாண்டிய கர்துங் லா கணவாய்க்கு வயதானவர்களை ஏற்றிப் போகிறவர்கள் இருக்கிறார்கள். மூச்சு முட்டினால் ஆக்சிஜன் தேடி ஓடுவது குடும்பம். சீட்டு எடுத்தும் நகையை அடகு வைத்தும் வருகிறவர்களிடம் 'எல்லா வயதினரும் வரலாம்' என்று ஒரே வரியில் சொல்லி முடித்துவிட எப்படி மனம் வருகிறது? சரி, அதற்குத் தனியாகவே எழுத வேண்டும்.

அடுத்த குளிர்காலத்துக்கு முன்பதிவு தொடங்குமுன் அந்த ஒரு பக்கத் தாளைத் தயவுசெய்து தயார் செய்யுங்கள். என்ன காலணி, எவ்வளவு நேர நடை, எந்த மாதங்கள், ரத்தானால் எவ்வளவு பணம் திரும்பும் என்பதெல்லாம் அதில் இருக்கட்டும். கையெழுத்துப் போடுமுன் அதைப் படித்துப் பார்க்க நேரம் கொடுங்கள். எழுத ஆள் இல்லையென்றால் சொல்லுங்கள், நானே எழுதித் தருகிறேன்.

பணிவுடன்,
பென்னாகரத்திலிருந்து ஒரு மகள்