தரம் 10 பெற்றோருக்கு: சூரிய அவதானிப்பு

திருகோணமலை

அன்பார்ந்த பெற்றோருக்கு,

வரும் வெள்ளிக்கிழமை காலை 8 மணிக்கு, தரம் 10 பிள்ளைகள் சூரியனின் விம்பத்தைப் பெட்டிக்குள் விழுத்திப் பார்க்கவுள்ளனர். உச்சி வெயிலில் பெட்டியைச் சாய்த்துப் பிடிப்பது சிரமம் என்பதால்தான் காலை நேரம்.

பெட்டியை வீட்டிலேயே செய்து அனுப்புங்கள். இரண்டு சப்பாத்துப் பெட்டிகளை நீளவாக்கில் ஒட்டி, நடுத்தடுப்பை வெட்டி எடுத்துவிடுங்கள். நீளம் 60 சென்ரிமீற்றர் வரை வரட்டும். ஒரு முனையில் சிறு சதுரம் வெட்டி, அதன்மேல் அலுமினியத் தாளை ஒட்டி, தையல் ஊசியால் ஒரேயொரு துளை இடுங்கள். மறுமுனையின் உட்புறம் வெள்ளைத்தாள். அதை எட்டிப் பார்க்கப் பக்கத்தில் ஒரு சாளரம். முதுகைச் சூரியனுக்குக் காட்டி நின்றால் தாளில் ஐந்தரை மில்லிமீற்றர் அளவில் வட்டம் விழும். துளை ஒரு மில்லிமீற்றரைத் தாண்டினால் விளிம்பு கலங்கிவிடும். பென்சிலால் குத்திய பெட்டிகள் பெரும்பாலும் இப்படித்தான் வீணாகின்றன. மூலைகளில் வெளிச்சம் கசிந்தாலும் விம்பம் மங்கும். கறுப்பு ரேப் ஒட்டுங்கள்.

அந்த வட்டம் சூரியனின் ஒளிக்கோளம். சுமார் 5,500 பாகை செல்சியஸ் வெப்பமுள்ள, சில நூறு கிலோமீற்றரே தடித்த படை அது. ஆசிரியர் தொலைகாட்டியால் வெள்ளை மட்டையில் பெரிதாக விழுத்தும்போது வட்டத்தின் ஓரம் நடுவைவிட மங்கித் தெரியும். ஓரத்தில் நம் பார்வை சாய்வாகச் செல்வதால், ஒளிக்கோளத்தின் குளிர்ந்த மேற்பகுதி மட்டுமே எட்டுகிறது. கரும்புள்ளிகள் இருந்தால் அவற்றையும் பார்க்கலாம். வில்லை சூடேறாதிருக்க ஆசிரியர் தொலைகாட்டியை அடிக்கடி திருப்பிவிடுவார். பிள்ளைகள் அதைத் தொடக்கூடாது.

ஒளிக்கோளத்துக்கு மேலேயுள்ள நிறக்கோளம் என்ற படையும், அதற்கும் வெளியே பரந்துள்ள கொரோனா என்ற வளிமண்டலமும் தெரியாது. கொரோனா பத்து இலட்சம் பாகையைத் தாண்டினாலும் மிக ஐதானது. ஒளிக்கோளத்தைவிடச் சுமார் பத்து இலட்சம் மடங்கு மங்கல். 2019 டிசெம்பர் 26 அன்று நம் ஊரில் தெரிந்த, சந்திரன் சூரியனின் நடுவை மட்டும் மறைத்த கங்கண கிரகணத்தில்கூட, எஞ்சிய ஒளி வளையமே அதை மறைத்துவிட்டது. கொரோனாவைப் பார்க்க முழுச் சூரிய கிரகணம் வேண்டும்.

எக்ஸ்றே படம், சீடி, புகைபிடித்த கண்ணாடி, மஞ்சள் தண்ணீர் எதையும் நம்பிச் சூரியனைப் பார்க்க விடாதீர்கள். வெளிச்சம் குறைந்தாலும் அகச்சிவப்புக் கதிர் ஊடுருவலாம். விழித்திரையில் வலி தெரியாது. பார்வை மங்கிய பிறகுதான் பிள்ளை சொல்லும்.

தொப்பியும் தண்ணீர்ப் போத்தலும் அவசியம். முகில் மூடினால் திங்கட்கிழமை நடத்துவோம்.

இப்படிக்கு,
அதிபர்