‘சாதி’ என்ற சொல்லைத் தடுத்தால் சாதிச் சான்றிதழ் கேள்வியும் மறைந்துவிடும்: வேட்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாட்டில் சட்டமன்றத் தேர்தல் களம் காணும் எல்லாக் கட்சி வேட்பாளர்களுக்கும், சுயேச்சைகளுக்கும், அவர்களது ஐ.டி. விங் பொறுப்பாளர்களுக்கும் வணக்கம்.

“உங்கள் கேள்விகளுக்கு இன்றிரவு 8 மணிக்கு நேரலையில் பதில்” என்று தேர்தல்தோறும் அறிவிக்கிறீர்கள். நல்ல காரியம். பொதுக்கூட்டத்தில் மைக் உங்கள் கையில்தான் இருக்கும். வீதிவீதியாக வாக்குக் கேட்டு வரும்போது, ஆரத்தித் தட்டுக்கும் அடுத்த வீட்டுக்கும் நடுவே ஒருவர் நின்று கேள்வி கேட்க இடமே இருக்காது. கைக்குழந்தையோடு வீட்டில் இருக்கும் பெண்ணும், திருப்பூரில் வேலை பார்த்துக்கொண்டு சொந்த ஊரில் ஓட்டு வைத்திருப்பவரும், படியேற முடியாத மாற்றுத்திறனாளியும் உங்களிடம் நேராகக் கேட்க முடிகிற ஒரே இடம் நேரலை. அந்த இடம் வாழ்த்துகளாலும் பொத்தாம்பொதுவான பதில்களாலும் நிரம்பிப் போகிறதே என்ற வருத்தத்தில்தான் இதை எழுதுகிறோம்.

முதலில் கேள்வி உங்களிடம் வந்து சேர வேண்டும். பெரும்பாலும் அங்கேயே கோளாறு தொடங்கிவிடுகிறது. ஃபேஸ்புக் பக்கத்திலும் யூடியூப் சேனலிலும் தடைச்சொல் பட்டியல் ஒன்று உண்டு. வசவுச் சொற்களை வடிகட்ட அது தேவைதான். ஆனால் அவசரத்தில் அதில் ‘சாதி’, ‘ஜாதி’, ‘லஞ்சம்’, ‘ஊழல்’, ‘சாராயம்’ எல்லாவற்றையும் சேர்த்துவிடுகிறார்கள். கைபேசியில் தட்டுகிறவர்கள் ‘சாதி சான்றிதழ்’ என்று பிரித்துத்தான் எழுதுவார்கள். மகனின் கல்லூரிச் சேர்க்கைக்காகப் பழங்குடியினர் சான்றிதழ் கேட்டுக் கோட்டாட்சியர் அலுவலகத்துக்கு ஆண்டுக்கணக்கில் நடக்கும் ஒரு தாயின் கேள்வி அந்த ஒரு சொல்லால் மறைந்துவிடும். ‘பட்டா மாத்த லஞ்சம் கேக்குறாங்க’ என்பதும் மறையும். அதைவிடக் கொடுமை, ஃபேஸ்புக்கில் மறைக்கப்பட்ட கருத்து அதை எழுதியவர் கண்ணுக்கும் அவருடைய நண்பர்கள் கண்ணுக்கும் வழக்கம்போலத் தெரிந்துகொண்டே இருக்கும். தன் கேள்வி உங்கள் முன் வரவே இல்லை என்று அவருக்குத் தெரியாது. படித்துவிட்டுப் பதில் சொல்லாமல் கடந்து போனீர்கள் என்றே நினைப்பார். ஆகவே நேரலைக்கு முந்தைய நாள் அந்தப் பட்டியலைத் திறந்து, வசவுச் சொற்களைத் தவிர மற்றதையெல்லாம் எடுத்துவிடுங்கள். தடுத்து வைத்த கருத்துகளை நிகழ்ச்சி நடக்கும்போதே ஒருவர் பார்த்து விடுவித்துக்கொண்டிருக்கட்டும்.

யூடியூபில் இன்னொரு விஷயம். நேரலை உரையாடல் பெட்டியில் ‘முக்கிய உரையாடல்’ என்ற நிலைதான் முதலில் இருக்கும். அது சிலவற்றை வடிகட்டிவிட்டுத்தான் காட்டும். எல்லாக் கருத்தும் தெரிய வேண்டுமானால் ‘நேரலை உரையாடல்’ என்ற நிலைக்கு மாற்ற வேண்டும். கேள்விகளைக் குறித்துக்கொள்பவர் இதைச் செய்யாவிட்டால் பல கேள்விகள் அவர் கண்ணிலேயே படாமல் போகலாம்.

அடுத்தது உங்கள் தொண்டர்கள். ‘வாழ்க’, ‘வெற்றி நமதே’, இதயக் குறிகள் என்று விநாடிக்கு நாலைந்து வந்து விழும்போது, பொறுமையாக யோசித்து எழுதப்பட்ட கேள்வி மேலே ஓடி மறைந்துவிடுகிறது. கட்சிக்காரர்களுக்கு முன்கூட்டியே சொல்லுங்கள்: நிகழ்ச்சி முடியும்வரை கருத்துப் பெட்டி வாக்காளருக்கு, வாழ்த்தெல்லாம் முடிந்த பிறகு. தலைவர் சொன்னால் கேட்பார்கள்.

பெண்கள் ஏன் கேட்பதில்லை என்று வியக்கிறவர்கள் இருக்கிறார்கள். சொந்தப் பெயரில் பொதுவெளியில் ஒரு கேள்வி எழுதினால் அன்றிரவே முன்பின் தெரியாதவர்களிடமிருந்து எத்தனை செய்திகள் வரும் என்பது அவர்களுக்குத் தெரியும். அதற்காகத்தான் தனியாக ஒரு வாட்ஸ்அப் எண் வேண்டும். மூன்று நாள் முன்பே அறிவித்து, குரல் பதிவாகவும் கேள்வி அனுப்பலாம் என்று சொல்லுங்கள். எழுதத் தயங்கும் முதியவர்களும் அதில்தான் வருவார்கள். கேள்வியைப் படிக்கும்போது ஊர்ப் பெயர் போதும், ஆள் பெயர் வேண்டாம்.

ஆனால் இந்த எண்ணை வாக்காளர் விவரம் திரட்டும் வலையாக்கிவிடாதீர்கள். கேள்வி கேட்க வாக்காளர் அட்டை எண் எதற்கு? ஆதார் எதற்கு? தேர்தலுக்குப் பின் தரப்போகும் திட்டங்களுக்கு இப்போதே பெயர் பதிவு செய்வதை, அது கணக்கெடுப்பு என்ற பெயரில் நடந்தாலும், உடனே நிறுத்தும்படி தேர்தல் ஆணையம் 2024 மே 2 அன்று கட்சிகளுக்கு அறிவுறுத்தியது. அது மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 123(1)-இன்படி லஞ்சமாகக் கருதப்படும். பதற்றத்தில் சிலர் தாங்களாகவே ரேஷன் அட்டை எண்ணையும் வங்கிக் கணக்கு எண்ணையும் கருத்துப் பெட்டியில் போட்டுவிடுவார்கள். கண்ட உடனே அதை மறைத்துவிட்டு, எண் இல்லாமல் கேள்வியை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள்.

கேள்விகளைத் தேர்ந்தெடுப்பது யார் என்பதில்தான் நிகழ்ச்சியின் நேர்மையே இருக்கிறது. நாங்கள் கேட்பது இதுதான்: கேள்விகளை ஐ.டி. விங் பொறுக்கக் கூடாது. தண்ணீர், சாலை, நிலம், வேலை, பள்ளி, மருத்துவமனை என்று குவியலாகப் பிரித்து, ஒரே மாதிரிக் கேள்விகளை ஒன்றாக்கி, ஒவ்வொன்றுக்கும் ஒரு எண் கொடுத்து, கேமரா முன்னால் சீட்டு எடுங்கள். கட்சி சாராத ஒருவர், ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியரோ கல்லூரிப் பேராசிரியரோ, கேள்வியை எழுதியபடியே படிக்கட்டும். மொத்தம் எத்தனை கேள்வி வந்தது, எத்தனைக்குப் பதில் சொன்னீர்கள் என்பதை முடிவில் சொல்லுங்கள். ஒரு மணி நேரத்தில் 12 கேள்விகளுக்கு உருப்படியாகப் பதில் சொல்ல முடிந்தால் அதுவே அதிகம். 2012 ஆகஸ்ட் 29 அன்று அமெரிக்க அதிபர் ஒபாமா ரெடிட் தளத்தில் வாக்காளர்களின் கேள்விகளுக்கு வந்தபோது ஆயிரக்கணக்கில் கேள்விகள் குவிந்தன. அவர் பதில் எழுதியது 10 கேள்விகளுக்கு. எண்ணிக்கை குறைவதில் தவறில்லை, மிச்சக் கேள்விகளுக்கு மூன்று நாளுக்குள் எழுத்தில் பதில் போட்டால் போதும்.

இனிப் பதில். “வெற்றி பெற்றதும் உடனடியாக நடவடிக்கை எடுப்பேன்” என்பது பதில் ஆகாது. இது யார் அதிகாரத்தில் இருக்கிறது, பணம் எங்கிருந்து வரும், எப்போது நடக்கும், நடக்காமல் போக என்ன காரணம் வரலாம் என்ற நான்கும் இருந்தால்தான் பதில்.

எல்லாத் தொகுதியிலும் வரும் ஒரு கேள்வியை எடுத்துக்கொள்வோம்: “எங்கள் தெருச் சாலை எப்போது போடுவீர்கள்?” முதலில் அந்தச் சாலை யாருடையது? தேசிய நெடுஞ்சாலை ஒன்றிய அரசைச் சேர்ந்தது. மாநில நெடுஞ்சாலை, மாவட்ட முக்கியச் சாலை, மாவட்ட இதர சாலை மூன்றும் மாநில நெடுஞ்சாலைத் துறையிடம். அதற்குக் கீழே மாநகராட்சி, நகராட்சி, பேரூராட்சி, ஊராட்சி ஒன்றியம், ஊராட்சி என்று ஐந்து கைகள் உண்டு. சென்னையில் பேருந்து ஓடும் சாலையும் உட்புறத் தெருவும் ஒரே மாநகராட்சிதான் என்றாலும் பார்க்கிற பிரிவு வேறு. பெரிய சாலையானால் கேட்டவரிடம் கிலோமீட்டர் கல்லின் தலை என்ன நிறம் என்று கேளுங்கள்: மஞ்சள் என்றால் தேசிய நெடுஞ்சாலை, பச்சை என்றால் மாநில நெடுஞ்சாலை. மஞ்சளானால் சட்டமன்ற உறுப்பினர் கடிதம் எழுதலாம், நாடாளுமன்ற உறுப்பினரோடு சேர்ந்து வலியுறுத்தலாம். “நான் போட்டுத் தருகிறேன்” என்று சொல்ல முடியாது.

தெருச் சாலையானால் அடுத்துப் பார்க்க வேண்டியது மண்ணுக்கு அடியில். பாதாளச் சாக்கடைக்கு வீட்டு இணைப்பு முடிந்ததா, குடிநீர்க் குழாய் மாற்ற வேண்டியிருக்கிறதா? அதற்கு முன் சாலை போட்டால் ஆறு மாதத்தில் தோண்டுவார்கள். பிறகு சாலை மட்டம். பழைய தாரைச் சுரண்டி எடுக்காமல் மேலேயே போட்டுப் போட்டுத் தெரு உயர்ந்து, வீட்டு வாசல் பள்ளமாகி, மழைத்தண்ணீர் உள்ளே வருகிறது. கேள்வி கேட்டவர் உண்மையில் பயப்படுவது இதற்காகவும் இருக்கலாம். ஆக, பதில் இப்படி இருக்கட்டும்: “அந்தத் தெரு பேரூராட்சியுடையது. இன்னும் நாற்பது வீட்டுக்குச் சாக்கடை இணைப்பு பாக்கி என்று அலுவலகத்தில் சொல்கிறார்கள். அது முடியாமல் சாலை போடச் சொல்ல மாட்டேன். முதல் ஆண்டில் இணைப்பை முடிக்க வைப்பது என் வேலை. இரண்டாம் ஆண்டில் பழைய மேல்பரப்பைச் சுரண்டி எடுத்துவிட்டுப் புதுச் சாலை. பேரூராட்சி நிதி போதாவிட்டால் தொகுதி மேம்பாட்டு நிதியிலிருந்து பங்கு கேட்பேன்.” இதைக் கேட்பவர் உங்களுக்கு ஓட்டுப் போடாமலும் போகலாம். ஆனால் இரண்டாம் ஆண்டு வந்ததும் எதைக் கேட்க வேண்டும் என்று அவருக்குத் தெரியும்.

அந்த நிதியின் அளவையும் மறைக்காமல் சொல்லுங்கள். தமிழ்நாட்டில் ஒரு சட்டமன்ற உறுப்பினருக்கு ஆண்டுக்கு 3 கோடி ரூபாய். 2021 தேர்தலில் மாநிலத்தின் மொத்த வாக்காளர்கள் சுமார் 6 கோடியே 28 லட்சம், தொகுதிகள் 234. வகுத்துப் பார்த்தால் தொகுதிக்குச் சராசரியாக 2 லட்சத்து 68 ஆயிரம் பேர், ஆளுக்கு ஆண்டுக்கு 112 ரூபாய். ஒரு மாலைப் பொழுதில் பாலம், கல்லூரி, பேருந்து நிலையம் என்று மூன்றையும் இந்த நிதியிலிருந்தே செய்வதாகச் சொல்வது கூட்டல் கழித்தலுக்கே ஒத்துவராது. பெரிய வேலை என்றால் சட்டமன்றத்தில் எந்தத் துறையின் மானியக் கோரிக்கையில், அதாவது அந்தத் துறையின் செலவுக்கு ஒப்புதல் கேட்கும் விவாதத்தில், எழுப்புவீர்கள் என்று சொல்லுங்கள். இலவசத் தொலைக்காட்சி, மிக்சி, கிரைண்டர் குறித்துத் தமிழ்நாட்டிலிருந்து சென்ற வழக்கில்தான் உச்ச நீதிமன்றம் 2013 ஜூலை 5 அன்று தீர்ப்பு அளித்தது. அதன் பிறகே, வாக்குறுதிக்கான பணம் எந்த வழியில் வரும் என்பதைத் தேர்தல் அறிக்கை பொதுவாகவேனும் சொல்ல வேண்டும் என்பது தேர்தல் நடத்தை விதிகளில் சேர்ந்தது. அறிக்கைக்கு உள்ள அந்த ஒழுங்கு உங்கள் வாய்மொழிக்கும் வேண்டும் என்கிறோம்.

பதில் தெரியாத கேள்வி வரும். “தெரியவில்லை, வெள்ளிக்கிழமைக்குள் கேட்டுச் சொல்கிறேன்” என்று சொல்லிவிட்டு, சொன்ன நாளில் சொல்லுங்கள்.

சட்டப்படி இடறும் இடங்களில் முக்கியமானது ‘பூஸ்ட்’. உங்கள் சொந்தப் பக்கத்தில் பணம் கட்டாமல் போடும் பதிவுக்கு முன்சான்று வேண்டியதில்லை. பணம் கட்டிப் பரப்பினால் அது விளம்பரம், அரசியல் விளம்பரங்களை முன்கூட்டிப் பார்த்து அனுமதிக்கும் ஊடகச் சான்றளிப்புக் குழுவின் சான்று வேண்டும். வேட்பாளர் குறைந்தது மூன்று நாள் முன்பே, விளம்பரத்தின் பிரதியோடும் கையொப்பமிட்ட எழுத்துப்படியோடும் விண்ணப்பிக்க வேண்டும். இன்னும் நடக்காத நேரலைக்கு எழுத்துப்படி எங்கே இருக்கும்? ஆகையால் நேரலையை பூஸ்ட் செய்யாதீர்கள். முடிந்தபின் எடுத்த துணுக்குக்குச் சான்று வாங்கிப் பரப்புங்கள். கேமராக்காரர் கூலி, வடிவமைப்பாளர் சம்பளம், சமூக ஊடகக் கணக்கை இயக்கும் பிள்ளைகளின் சம்பளம், இணைய நிறுவனத்துக்குக் கட்டியது எல்லாம் தேர்தல் செலவில் வரும் என்பது தேர்தல் ஆணையத்தின் 2013 அக்டோபர் 25 அறிவுறுத்தலிலேயே இருக்கிறது. வேட்பாளர் ஒருவருக்கான 40 லட்சம் ரூபாய்ச் செலவு உச்சவரம்புக்குள் அதுவும் அடக்கம். ரசீதை அன்றன்றே பதிவேட்டில் ஏற்றாவிட்டால் செலவினப் பார்வையாளர் கேட்கும்போது தேடிக்கொண்டிருப்பீர்கள்.

வாக்குப்பதிவு மாலை 6 மணிக்கு முடிவதானால் 48 மணி நேரம் முன்னதாகவே, அதாவது இரண்டு நாள் முந்தைய மாலை 6 மணிக்கே, பிரச்சாரம் ஓய வேண்டும். வேட்பாளர் ஓய்ந்துவிடுவார், தானாக வெளியாகும்படி நேரம் குறித்து வைத்த பதிவுகள் ஓயாது. அவற்றை அன்று மதியமே ஒருவர் உட்கார்ந்து நீக்க வேண்டும். உங்கள் பேச்சை வெட்டி ஒட்டி, குரலையே மாற்றிப் பரப்புவதும் இப்போது எளிது. முழுப் பதிவின் மூலக் கோப்பு உங்கள் கையில் இருந்தால்தான் மறுக்க முடியும். உங்கள் தரப்பிலிருந்து செயற்கை நுண்ணறிவில் செய்த காணொளி எதுவானாலும், திரைப்பரப்பில் குறைந்தது பத்தில் ஒரு பங்கு இடத்தில் அப்படி அறிவிக்க வேண்டும் என்று 2025 அக்டோபரில் ஆணையம் சொல்லியிருக்கிறது.

கருவிகள் பற்றிச் சுருக்கமாக. யூடியூபில் முதன்முறை நேரலை வசதியைக் கேட்டால் கிடைக்க 24 மணி நேரம் வரை ஆகலாம், கைபேசியிலிருந்து செய்யக் குறைந்தது 50 சந்தாதாரர் வேண்டும். சட்டையில் செருகும் மைக் ஒன்று, மின்விசிறி ஓடாத அறை, மின்சாரம் போனாலும் நிற்காத இணையம் இருந்தால் போதும். தொடக்கத்தில் சினிமாப் பாட்டு போடாதீர்கள், பதிப்புரிமைக் காரணத்தால் ஒலி அறுந்துபோகும். நீங்கள் பேசுவது பார்ப்பவரை அடையப் பல விநாடி ஆகும் என்பதால், இப்போது வரும் கருத்து முந்தைய பதிலுக்கானதாக இருக்கும். தொகுப்பாளர் இதை மனதில் வைத்துக்கொள்ளட்டும்.

கடைசியாக ஒன்று, எங்களுக்கு இதுதான் பெரியது. 2012 ஆகஸ்ட் 31 அன்று, அப்போது குஜராத் முதல்வராக இருந்த நரேந்திர மோடி, நடிகர் அஜய் தேவ்கன் தொகுத்து வழங்க, கூகுள் பிளஸ் தளத்தில் மக்களின் கேள்விகளுக்குப் பதில் சொன்னார். கூட்டம் தாங்காமல் நிகழ்ச்சி தாமதமாகத்தான் தொடங்கியது. அந்தக் கூகுள் பிளஸ் தளமே 2019-இல் மூடப்பட்டுவிட்டது. தளத்தை நம்பி வைத்த பேச்சு தளத்தோடு போகும். ஜெர்மனியில் 2004-இல் ஹாம்பர்க் நகரில் தொடங்கிய ஒரு தன்னார்வ இணையதளத்தில், வேட்பாளரிடம் கேட்ட கேள்வியும் அவர் சொன்ன பதிலும் அவர் பெயருக்குக் கீழே அப்படியே இருக்கின்றன. எத்தனை கேள்விக்குப் பதில் சொல்லவில்லை என்பதும் தெரியும். அதற்குத் தனி அமைப்பு இல்லாவிட்டாலும், உங்களால் ஒன்று செய்ய முடியும். கேள்வி எண், ஊர், கேள்வி, பதில், காணொளியில் எந்த நிமிடம் என்று அட்டவணையில் ஐந்து பத்தி போட்டு ஒரு கோப்பு. ஒரு மணி நேரப் பேச்சை எழுதி எடுக்க, தமிழ் நன்றாகத் தட்டச்சுகிற ஒருவருக்கு ஒரு நாள் போதும். தானியங்கி வசனத்தை அப்படியே நம்பாதீர்கள், ஊர்ப் பெயர்களையும் வட்டார வழக்கையும் தப்பாகப் பிடிக்கும். தவறாகச் சொல்லியிருந்தால் காணொளியை நீக்காமல் திருத்தத்தை முதல் கருத்தாகப் பொருத்துங்கள்.

அந்தக் கோப்பை வாக்குப்பதிவுக்கு ஒரு வாரம் முன்பே பொதுவில் போட்டுவிட்டு, அச்சிட்ட பிரதி ஒன்றைத் தொகுதியின் கிளை நூலகத்துக்குக் கொடுங்கள். தோற்றவர் கோப்பும் இருக்கட்டும். அடுத்த தேர்தலில் அவரும் வருவார்.

இப்படிக்கு,
நேரலைகளுக்குக் கேள்வி தொகுத்தும் எழுத்துப்படி எடுத்தும் தரும் தன்னார்வலர்கள்