எங்கள் கிளையைத் திறந்து தாருங்கள்: வங்கியின் வட்டார மேலாளருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய வட்டார மேலாளர் அவர்களுக்கு,

வணக்கம். குலசேகரத்துக்கும் திற்பரப்புக்கும் பக்கத்தில் ரப்பர் ஷீட் வாங்கி விற்கும் சிறு வியாபாரி நான். எங்கள் ஊர்க் கிளையை மூடி, ஷட்டரில் 'வேறு கிளையோடு இணைக்கப்பட்டுள்ளது' என்று தாள் ஒட்டிய கதையும், நூற்றுச் சொச்சம் பேர் கையெழுத்துப் போட்டு மனு அனுப்பிய கதையும் உங்களுக்குத் தெரியும். போன வாரம் பதில் வந்தது. 'போதிய பண வரவு இல்லாத கிளை' என்று அதில் ஒரு வரி. இந்த மடலை எழுத வைத்தது அந்த வரிதான்.

சார், பணம் எங்கிருந்து வருகிறது என்று உங்களுக்கு நான் சொல்வது கொல்லன் தெருவில் ஊசி விற்கிற வேலை. ஆனாலும், நாங்கள் மடியில் கட்டிக் கொண்டுவந்து கவுண்டரில் போடும் பணத்தை எடுத்துத்தான் அடுத்தவருக்குக் கடன் கொடுக்கிறீர்கள் என்று அந்தப் பதிலை எழுதியவர் நினைக்கிறார் போலிருக்கிறது. நடப்பது அதுவல்லவே. ஒருவருக்கு 50,000 ரூபாய் கடன் கொடுத்தால், அவர் கணக்கில் 50,000 வரவு என்று எழுதுகிறீர்கள். வேறு யார் கணக்கிலும் ஒரு பைசா குறையவில்லை. எழுதிய அந்த நிமிடம் அது புதிதாக உண்டாகிறது. கடன் அடைய அடைய இல்லாமல் போகிறது. இங்கிலாந்தின் மத்திய வங்கியே 2014-இல் தன் காலாண்டு இதழில் இதை விளக்கி எழுதியிருக்கிறது. நம் நாட்டில் மக்கள் கையில் புழங்கும் நோட்டும் சில்லறையும் மொத்தப் பணத்தில் ஏறக்குறைய ஏழில் ஒரு பங்குதான். மீதியெல்லாம் வங்கிப் பேரேட்டு எழுத்து.

நானும் இதைச் செய்தவன்தான், லைசென்ஸ் இல்லாமல். ஆனி, ஆடி மழையில் பால்வெட்டு, அதாவது ரப்பர் மரத்தைக் கீறிப் பால் எடுக்கும் வேலை, நின்றுவிடும். வெட்டுகிறவர்கள் கையில் காசு இருக்காது. நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்து '1,500' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுப்பேன். பலசரக்குக் கடை அண்ணாச்சி அதை வாங்கி வைத்துக்கொண்டு அரிசி கொடுப்பார். ஒரு தடவை அதே துண்டுச் சீட்டை அவர் மீன்காரரிடம் தள்ளிவிட, மீன்காரர் அதை என்னிடம் கொண்டுவந்து நின்றார். சீட்டு எழுதிய நாளில் என் பெட்டியில் 1,500 ரூபாய் இருந்ததா என்றால், இல்லை. மழை விட்டதும் மரத்தில் ஊறப்போகும் பாலை நம்பி எழுதியது அது. யார் சொன்னபடி வெட்டுவார், யார் கம்பி நீட்டுவார் என்று எனக்குத் தெரியும். என் கையெழுத்து அண்ணாச்சிக்குத் தெரியும். அதே சீட்டை மார்த்தாண்டத்தில் நீட்டினால் கடலை மடிக்கத்தான் ஆகும்.

கிளை எதற்கு என்றால் எனக்குத் தெரிந்த பதில் இதுதான்: எழுதிக் கொடுக்கிறவருக்கு வாங்குகிறவரைத் தெரிந்திருக்க வேண்டும். உங்கள் பக்கத்து ஆதாயமும் ஒன்று உண்டு. நீங்கள் எழுதிக் கொடுத்த பணம் வேறு வங்கிக் கணக்குக்குப் போனால், ரிசர்வ் வங்கியில் இருக்கும் உங்கள் இருப்பிலிருந்து அதைக் கொடுத்துத் தீர்க்க வேண்டும். போன பணம் திரும்பி வந்து, குறைந்த வட்டியில் அசையாமல் கிடக்க, எங்களைப் போன்றவர்களின் சேமிப்புக் கணக்கு வேண்டும். அது வருவதும் கிளை வழியாகத்தான். எங்கள் ஊர் அதை உங்களுக்குச் சும்மா தந்துவிடவில்லை. 1938-இல், இந்தப் பகுதி திருவிதாங்கூரில் இருந்தபோது, திருவிதாங்கூர் நேஷனல் அண்டு குயிலான் வங்கி மூடியது. அதற்கப்புறம் வங்கி என்றாலே என் தாத்தா முகத்தைத் திருப்பிக்கொள்வார். அவரைப் போன்றவர்களின் திண்ணையில் உட்கார்ந்து பேசிப் பேசித்தான் உங்கள் பழைய மேலாளர்கள் கணக்குத் தொடங்க வைத்தார்கள். அப்போது, வங்கி உள்ள ஊரில் ஒரு கிளை திறக்க வேண்டுமானால் வங்கியே இல்லாத ஊர்களில் நான்கு திறக்க வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 1977-இல் போட்ட விதி இருந்தது. 1990-இல் அது போயிற்று. சரி, அது மேலிடத்து விவகாரம்.

என் கடைக்கு ஷீட் கொண்டுவரும் அக்கா ஒருவரைப் பற்றிச் சொல்கிறேன். இன்று ஒரு தோட்டம், நாளை இன்னொன்று என்று மாற்றி மாற்றி வெட்டுகிறார். விடியுமுன் நெற்றி விளக்கோடு போனால், வெட்டி முடித்து, சிரட்டையில் வடிந்த பாலை எடுத்து, ஆசிட் விட்டு ஷீட்டாக உறைய வைக்க மதியம் ஆகிவிடும். முன்பிருந்த மேலாளர் அவருக்கு நகை கேட்காமலே 40,000 கொடுத்தார். தவணை ஒன்றுகூட நின்றதில்லை. இந்த வருடம் புதுப்பிக்க 14 கிலோமீட்டர் தள்ளி இருக்கும் 'இணைந்த' கிளைக்கு இரண்டு பஸ் மாறிப் போனார். முதல் நாள், கோப்பு வந்து சேரவில்லை. இரண்டாம் நாள், சர்வர் இல்லை. மூன்றாம் நாள், நகை இருந்தால் பார்க்கலாம் என்றார்கள். ஆனால் நகை மதிப்பீட்டாளர் அதற்குள் கிளம்பிவிட்டார். மூன்று நாளும் பால் சிரட்டையிலேயே கட்டிப்போயிற்று. உறைந்த கட்டிக்கு ஷீட்டின் விலை கிடைக்காது. நான்தான் எடை போட்டேன், எனக்கே கை கூசியது. நாலாம் நாள் கம்மலைக் கழற்றித் தனியார் பைனான்ஸில் வைத்துவிட்டார். இங்கே மாதக் கடைசியில் யார் யார் காது வெறுங்காதாக இருக்கிறது என்று ஊருக்கே தெரியும்.

'போதிய பண வரவு இல்லை' என்றீர்களே சார், அந்த 40,000-ஐ எழுதியிருந்தால் அதில் பாதி எங்கள் அண்ணாச்சி கணக்குக்கும் என் கணக்குக்கும் வந்து உங்களிடமே கிடந்திருக்கும். கடன் எழுத ஆளில்லாமல் செய்துவிட்டு வரவு எங்கே என்று தேடினால் எப்படி?

கிளைக்குப் பதிலாக ஊரில் வங்கி முகவர் இருக்கிறாரே, கைபேசியில் செயலி இருக்கிறதே என்பீர்கள். முகவரின் கருவி கைரேகை கேட்கிறது. கத்தி பிடித்துத் தேய்ந்து, ஆசிட் பட்டு வெளுத்த விரலை அது மனித விரலென்று ஒத்துக்கொள்வதில்லை. செயலியோ அன்பானது. 'உங்களுக்கு முன் அனுமதி பெற்ற தனிநபர் கடன்' என்று தினமும் காலையில் எனக்குச் செய்தி அனுப்புகிறது. எனக்கு வேண்டாம், அந்த அக்காவுக்குக் கொடுங்கள் என்று பதில் போட அதில் இடமில்லை. பெரிய இடத்துக் கோடிகளைக் கணக்கிலிருந்து தள்ளி எழுதும்போது இத்தனை பஸ் மாறச் சொல்வீர்களா என்று கேட்கத் தோன்றுகிறது. கேட்கவில்லை, மன்னிக்கவும்.

தங்களிடம் பணிவாகக் கேட்பது ஒன்றுதான்: எங்கள் கிளையைத் திறந்து தாருங்கள். அதற்கு நாளாகுமென்றால், அதுவரை வாரம் இரண்டு நாள், மதியத்துக்கு மேல், கடன் அனுமதிக்கும் அதிகாரமுள்ள ஒரு அதிகாரியை அனுப்புங்கள். நாற்காலி, மேசை, மின்விசிறி ஊர்ப் பொறுப்பு. கட்டிடத்துக்காரர் இன்னும் வேறு யாருக்கும் வாடகைக்கு விடவில்லை. பழைய வாடகையே போதும் என்கிறார். சாவியை என் கடையில்தான் கொடுத்து வைத்திருக்கிறார்.

இப்படிக்கு,
தங்கள் வங்கியில் 31 வருடமாகக் கணக்கு வைத்திருக்கும்
ரப்பர் ஷீட் வியாபாரி