டெபோரா கிரிஃபினுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள டெபோரா கிரிஃபின் அவர்களுக்கு,

வணக்கம். 2025 செப்டம்பர் 27 அன்று லண்டனின் ட்விக்கன்ஹாம் மைதானத்தில் மகளிர் ரக்பி உலகக் கோப்பை இறுதி ஆட்டத்துக்கு 81,885 பேர் திரண்டு வந்தார்கள். இங்கிலாந்து 33-13 என்று கனடாவை வென்றது. இங்கிலாந்து ரக்பி சங்கத்தின் தலைவராக, அந்தப் பதவிக்கு வந்த முதல் பெண்ணாக, நீங்கள் இருந்த நேரம் அது. எனக்கு மனம் போனது 1991ஆம் ஆண்டு வேல்ஸின் கார்டிஃப் நகருக்குத்தான்.

அந்த ஏப்ரலில் நீங்களும் சூ டாரிங்டனும் ஆலிஸ் கூப்பரும் மேரி ஃபோர்சைத்தும் சேர்ந்து முதல் மகளிர் உலகக் கோப்பையை வேல்ஸில் நடத்திக் காட்டினீர்கள். சர்வதேச ரக்பி வாரியத்தின் அங்கீகாரம் கிடையாது. பெரிய ஸ்பான்சரும் அமையவில்லை. ஆனாலும் 12 அணிகள் வந்து சேர்ந்தன. அதிலும் அந்த சோவியத் அணி! கையில் காசில்லாமல் வோட்காவும் கேவியரும் பொம்மைகளும் மூட்டை கட்டிக்கொண்டு வந்து, அவற்றை விற்றுச் செலவைச் சமாளிக்கப் பார்த்தார்கள். சுங்க அதிகாரிகள் விசாரிக்க வந்துவிட்டார்கள். செய்தி பரவியதும் ஊர்க்காரர்கள் உதவினார்கள். இத்தனை அலைச்சலுக்கும் நடுவே சூ டாரிங்டன் இங்கிலாந்தின் ஹூக்கராக (முன்வரிசையின் நடுவில் ஆடுபவராக) இறுதி ஆட்டத்திலும் இறங்கினார். அமெரிக்கா 19-6 என்று வென்றது. ஆனாலும் எனக்கு அந்த ஆட்டத்தின் நாயகி அவர்தான்.

சரி, இப்போது எழுத வந்த விஷயத்துக்கு வருகிறேன். 2025 அரையிறுதியில், ஆறு முறை கோப்பை வென்ற நியூசிலாந்தை 34-19 என்று தோற்கடித்த கனடா அணி, இந்தத் தொடருக்குத் தயாராக மக்களிடம் நிதி திரட்டியது. 10 லட்சம் கனடா டாலர் அவர்கள் இலக்கு. உலகத் தரவரிசையில் இரண்டாம் இடத்தில் இருந்த அணிக்கே இந்த நிலை. மக்கள் மனமுவந்து கொடுத்தார்கள், அது பெரிய விஷயம். ஆனால் நாட்டுக்காக ஆடுகிறவர்களின் பயிற்சிச் செலவு நன்கொடையை நம்பி இருக்கக் கூடாது.

ஸ்பான்சர் இல்லாமல் தொடர் நடத்துவது எப்படி என்று உங்களுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. அதனால்தான் உங்களிடம் கேட்கிறேன். அடுத்த உலகக் கோப்பை 2029இல் ஆஸ்திரேலியாவில். டிக்கெட் விற்பனையைப் பற்றிப் பேசும் ஒவ்வொரு கூட்டத்திலும் அணிகளின் பயிற்சிச் செலவையும் பேச வையுங்கள். கனடாவுக்கு மட்டுமல்ல, 2025இல்தான் முதன்முதலாக வந்த பிரேசிலுக்கும் சேர்த்துத்தான் கேட்கிறேன்.

மிகுந்த அன்புடன்,
ஒரு ரசிகை